குப்பிக்குள் ஒரு கணம் நீலம்

1

இந்தக் கதை நான் திட்டு வாங்கியதில் தொடங்கியது. வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், எதுவும் உண்மையாக இல்லை.

நோவா ஸ்கோஷியாவின் பிரெஞ்சுக் கரையில், எங்கள் ஊரில், வீட்டுக்கு ஒரு கிணறு. அக்டோபர் வந்தால் ஆளாளுக்குக் குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போவோம். அன்று நானும் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த ஒடீல் மெலான்சன் என் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூடியைத் திறக்காமலேயே கேட்டாள்.

"அடியில ஒரு சின்ன வெள்ளை மாத்திரை இருந்திருக்குமே. எங்க அது?"

"அதுவா? ஏதோ தூசுன்னு நெனச்சேன். குப்பிய நல்லா அலசிட்டுத்தான் தண்ணி பிடிச்சேன்."

"அலசினீங்களா!" வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "இத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க. மீன் பிடிக்கப் போறவன் வலைய அறுத்துப் போட்டுட்டா போவான்?"

எந்தப் பாத்திரத்தையும் அலசாமல் அதில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். அதை விளக்கப் போய் இன்னொரு திட்டு வாங்கினேன். பிறகு அவளே இரக்கப்பட்டுச் சொன்னாள். கிணற்றில் யாராவது பிளீச் ஊற்றியிருந்தால் அது தண்ணீரோடு குப்பிக்குள்ளும் வந்துவிடும். வரும் வழியெல்லாம் கிருமிகளைக் கொன்றுகொண்டே வரும். இங்கே வந்து சேரும்போது தண்ணீர் சுத்தம் என்று பொய் சொல்லும். மாத்திரை அந்தப் பிளீச்சை முறித்துவிடும்.

"உயிரோட இருக்கறது உயிரோட வந்து சேரணும். அப்பத்தான் நாங்க பாக்க முடியும்," என்றாள்.

ரொம்பத் திட்டிவிட்டோமே என்று தோன்றியிருக்க வேண்டும். என்னை உள்ளே கூப்பிட்டாள். அங்கே ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் இரண்டு குப்பிகள். முந்தின நாள் நிறமில்லாமல் இருந்த தண்ணீர் இப்போது இரண்டிலும் மஞ்சளாக இருந்தது. அவள் ஊதா விளக்கைப் போட்டாள். ஒன்று அப்படியே இருந்தது. மற்றது நீலமாக ஒளிர்ந்தது.

 கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், நான் இங்கே இருக்கிறேன் என்று விளக்கேற்றிக் காட்டுகிறது. அதை அப்படிக் காட்ட வைக்க ஒரு வழியை யாரோ ஒரு மனிதர் யோசித்திருக்கிறார். இரண்டில் எதைப் பார்த்து வியப்பது என்று தெரியாமல் நின்றேன். இன்றுவரை தெரியவில்லை.

"இது யாரோட தண்ணி?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன்," என்று சொல்லி விளக்கை அணைத்தாள்.

அவள் சொல்லாததால்தான் இந்தக் கதை. அவளிடம் அவள் பெயரைக் கதைக்குக் கடன் கேட்டேன். ஒரு நிபந்தனையோடு கொடுத்தாள்: சோதனை முறையில் ஒரு தப்பும் வரக் கூடாது, எழுதியதை அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும். ஆகவே இதில் இரண்டு ஒடீல்கள் இருக்கிறார்கள். கதைக்குள் இருப்பவள் என்னுடையவள். கதைக்கு வெளியே இருந்து குறுக்கே பேசுபவள் யாருடையவளும் இல்லை.

2

முதல் தொடக்கம்: "புயல் ஓய்ந்த மறுநாள் கடல் ஒன்றும் தெரியாதது போல்—"

அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் புயலில் தொடங்காத கதையே கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: "கோலிஃபார்ம் என்பது வெப்ப ரத்தப் பிராணிகளின் குடலிலும் மண்ணிலும்—"

பாடப்புத்தகம். நானே கொட்டாவி விட்டேன்.

மூன்றாவது: "நான் ஒரு பசுவின் குடலில் பிறந்தேன். மழை என்னைக் கூட்டிக்கொண்டு போய்—"

இதைப் படித்துக்காட்டியபோது வெளி ஒடீல் சிரித்துச் சிரித்து இருமினாள். "இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டா பிரியற ஜீவன் அது. 'நான்'னு சொல்ல அதுக்கு ஏது நேரம்?" என்றாள். அதுவும் போயிற்று.

நான்காவது தொடக்கம் இது. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அல்சீட் கொமோ குப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார், நிறையச் சிரித்துக்கொண்டு வந்தார்.

அவர் ஒடீலின் சித்தப்பா. கடலிலிருந்து ஓய்வு பெற்றபின் மாதா கோயிலின் பாரிஷ் கூடத்துக்குக் காவல் அவர்தான். சாவி அவரிடம், கிணற்று மூடியின் பூட்டு அவரிடம், அடுப்பு எந்தப் பக்கம் சரியாக எரியாது என்ற ரகசியமும் அவரிடம். ஆண்டுதோறும் அந்தக் கூடத்தில் ராப்பூர் விருந்து நடக்கும். உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் கட்டிச் சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து, வெளியேறிய நீரின் அளவுக்குக் கொதிக்கும் கோழிச்சாற்றை ஊற்றிக் கிளறி, பெரிய தட்டங்களில் மணிக்கணக்காகச் சுடுவார்கள். சாப்பிட்டுப் பழகாதவர்கள் பசை என்பார்கள். எங்களுக்கு அதுதான் வீடு. அந்தச் சமையலறையை ஆண்டுக்கணக்கில் ஆண்டவள் அல்சீட்டின் மனைவி டெலீமா. கடந்த பனிக்காலத்தில் அவள் போய்விட்டாள்.

இந்த ஆண்டு விருந்து அவள் பெயரில். தொலைதூர ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்களில் வேலை பார்க்கும் அவர் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் லீவு வாங்கியிருந்தார்கள். அது எளிதில் நடக்கிற காரியம் இல்லை. கடைசிப் பெண் கொலெத் கைக்குழந்தையோடு வருகிறாள். அல்சீட் அந்தப் பேத்தியை இன்னும் நேரில் பார்த்ததில்லை. விருந்து சனிக்கிழமை, திங்கட்கிழமை எல்லோருக்கும் திரும்பிப் போக விமானம்.

இதற்கிடையில் புயல் வந்தது. [பார்த்தீர்களா, அதை முழுதாக ஒதுக்க முடியவில்லை.] கூடத்துக் கிணற்றின் மூடி விரிசல் விட்டு மேல்தண்ணீர் உள்ளே இறங்கியது. முதலில் எடுத்த குப்பி மஞ்சளானது, ஊதா விளக்கில் நீலமாகவும் ஒளிர்ந்தது. சுகாதார ஆய்வாளர் வந்து குழாயில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்: குடிக்காதீர்கள். அட்டை தொங்கும்வரை கூடத்தில் விருந்து கிடையாது. அல்சீட் மூடியைச் சரிசெய்தார், சிமென்ட் பூசினார், மறுசோதனைக்குக் குப்பி வாங்கிக்கொண்டு போனார். வியாழக்கிழமை காலையில் அதைத்தான் ஏந்திக்கொண்டு வந்திருக்கிறார்.

"இந்தா பொண்ணே. மாதா கோயில் தீர்த்தம் மாதிரி இருக்கு, பாரு."

"பாக்க எல்லாத் தண்ணியும் தீர்த்தம்தான் சித்தப்பா. மாத்திரை உள்ள இருக்குல்ல?"

"நீ திட்டுவன்னு தெரியும். தொடவே இல்ல. குழாய் முனைய நெருப்புல வாட்டினேன், தண்ணிய ஓட விட்டேன், மூடிய கீழ வைக்கல. உங்கப்பன் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்ளோ ஒழுங்கா நின்னதில்ல."

"நாளைக்குச் சொல்றேன்."

"சனிக்கிழம விருந்து. மறந்துடாத."

"மறக்க விடுவீங்களா?" என்றாள். அவர் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

4

ஒடீல் மூடியைத் திறந்தாள். பிளீச் வாசனை வந்ததா? வந்தது. ஆனால் அந்த அறையில் எப்போதும் பிளீச் வாசனைதான். காலையும் மாலையும் மேசையைத் துடைப்பதே பிளீச்சால்தான். மூக்கைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

சோதனைப் பொடியின் உறையைக் கிழித்துக் குப்பிக்குள் கொட்டினாள்.

தண்ணீர் நீலமானது.

ஒரு கணம்தான். மை சொட்டினால் விரிவது போல விரிந்து, அவள் கண் இமைத்துப் பார்ப்பதற்குள் காணாமல் போய்விட்டது. குப்பியில் நிறமில்லாத தண்ணீர் ஒன்றும் அறியாததாக நின்றது. வானொலியில் மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறையில் வேறு யாரும் இல்லை.

[வாசகர்களே, இந்த இடத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் பார்த்தீர்கள்.]

இது விளக்கின் கீழ் தெரியும் நீலம் அல்ல. அந்த நீலம் மெதுவாக, ஒரு நாள் காத்திருந்தபின், உயிர் இருப்பதால் வருவது. இது வேறு. தண்ணீரில் மாத்திரையால் முறிக்க முடியாத அளவுக்குப் பிளீச் இருந்தால் பொடி பட்டதும் இப்படிப் பளிச்சென்று நீலமாகி மறையும். கொஞ்சமாக ஊற்றியிருந்தால் மாத்திரையே விழுங்கியிருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அல்சீட் எதையும் கொஞ்சமாகச் செய்கிறவர் இல்லை.

இதில் என்னைப் படுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. கெட்டுப்போன கிணற்றுக்குப் பிளீச்தான் மருந்து. ஊற்றி, ஊறவிட்டு, வாசனை போகும்வரை இறைத்துக் கொட்டி, சில நாள் பொறுத்துச் சோதித்தால் அதுதான் முறை. அல்சீட் கொடுத்தது சரியான மருந்து. நோயாளியின் வாயில் மருந்து இருக்கும்போதே நாடி பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்துவிட்டார், அவ்வளவுதான். அவருக்குப் பொறுக்க நாள் இல்லை. மருந்து பிடித்ததா, அடியில் இன்னும் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்பதை இந்தக் குப்பியால் சொல்ல முடியாது. அந்தப் பிளீச்சில் எதுவும் வளராது. நாளைக்கு இது எப்படியும் தெளிவாகத்தான் இருக்கும்.

ஒடீல் மூடியைத் திருகினாள், குலுக்கினாள், வெதுவெதுப்பான அடைகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

*ஒடீலின் குறிப்பு: "தப்பு. நீலத்தப் பாத்தா அந்தக் குப்பி அப்பவே செல்லாது. அடை வைக்கவே கூடாது. இது எதுக்கு வச்சா?" நான் சொன்னேன்: ஒரு நாள் கிடைக்குமே என்றுதான். அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, "சரி, விடுங்க. வச்சிருப்பா," என்றாள்.*

5

ஆகக் கதை இப்போது ஒரு நாள் நிற்கிறது. குப்பி முப்பத்தைந்து பாகைச் சூட்டில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் உடம்பின் சூடு. அவசரப்படுத்த முடியாது. உங்களை வெறுமனே உட்கார வைப்பது மரியாதை இல்லை. இந்தப் பொடி வருவதற்குமுன் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்கிறேன். எனக்கு இவற்றைச் சொல்வதில் அலுப்பே வருவதில்லை.

முதலில் ஒரு விஷயம். கோலிஃபார்ம் என்கிற கிருமிகளில் பெரும்பாலானவை யாரையும் ஒன்றும் செய்யாது. இந்த நேரத்தில் நம் வயிற்றில் கோடிக்கணக்கில் சௌக்கியமாக இருக்கின்றன. ஆனால் அவை கிணற்றில் இருந்தால், வெளியிலிருந்து கிணற்றுக்குள் ஒரு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வழியில் பின்னால் யார் வேண்டுமானாலும் வரலாம். வரக்கூடிய கொலைகாரர்களை ஒவ்வொருவராகத் தேட முடியாது. ஆகவே எப்போதும் கூட்டமாக, சத்தமாக முன்னால் வருகிற இந்த அப்பாவிகளைத் தேடுகிறார்கள்.

எப்படித் தேடினார்கள் தெரியுமா? விருந்து வைத்தார்கள். நிஜமாகவே. கண்ணாடிக் குழாய்களில் பால் சர்க்கரை கலந்த சாறு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் குழாய், தலைகீழாக. அதில் சந்தேகத்துக்குரிய தண்ணீரை விட்டு வெதுவெதுப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். உள்ளே கோலிஃபார்ம் இருந்தால் சர்க்கரையைத் தின்னும். தின்றால் காற்று விடும். அந்தக் காற்று தலைகீழ்க் குட்டிக் குழாயின் உச்சியில் குமிழாக மாட்டிக்கொள்ளும். அதாவது பந்தியில் சோற்றைப் போட்டுவிட்டு, யார் ஏப்பம் விடுகிறார்கள் என்று காது வைத்துக் கேட்டார்கள். தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் பல குழாய்களில் விட்டு, எத்தனை குழாய் ஏப்பம் விட்டது என்பதிலிருந்து உள்ளே எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும் என்று கணக்குப் போட்டார்கள். பார்க்காத விருந்தாளிகளை ஏப்பத்தை வைத்து எண்ணியிருக்கிறார்கள்! இதை முதலில் கேட்ட அன்று வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

*ஒடீலின் குறிப்பு: "ஏப்பம் மட்டும் போதாது. வேற ஜாதி கிருமியும் காத்து விடும். உறுதிப்படுத்த இன்னொரு சாத்துல மறுபடி போட்டுப் பாக்கணும். எழுதுங்க." எழுதிவிட்டேன்.*

அடுத்து வந்தது வடிதாள். கிருமி நுழைய முடியாத அளவுக்குச் சன்னமான துளைகள் உள்ள தாளில் தண்ணீரை வடிகட்டி, தாளைத் தீனி கலந்த சிவந்த பசையின் மேல் விரித்து வைப்பார்கள். தாளில் சிக்கிய ஒற்றைக் கிருமி, இருந்த இடத்திலேயே இரண்டாகி, நான்காகி, மறுநாள் வெறுங்கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளி பச்சையும் பொன்னுமாக மின்னும். வெயிலில் திருப்பிய கானாங்கெளுத்தியின் முதுகை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி என்றால் நேற்று அந்த இடத்தில் ஒரே ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

இப்போதைய பொடியில் இரண்டு தீனிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாயத்தை முடிந்துவைத்திருக்கிறார்கள். கோலிஃபார்ம் எதுவானாலும் முதல் தீனியைக் கடிக்கும், மஞ்சள் அவிழும். குடலிலிருந்து வந்த ஈ.கோலை இரண்டாவதையும் கடிக்கும். அதில் அவிழ்வது ஊதா விளக்கில் மட்டுமே தெரியும் நீலம். பசித்து வருபவன் தன் வாயாலேயே தன் பெயரைச் சொல்லிவிடுகிறான்.

இவ்வளவு யோசித்தவர்கள் மனிதர்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஊரில் எல்லோர் மேலும் கொஞ்சம் மரியாதை வந்துவிடுகிறது. அல்சீட் மேலும்.

6

அன்று சாயங்காலம் ஒடீல் கூடத்துக்குப் போனாள். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமல்தான் போனாள். அல்சீட் நீள மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழாயில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"வா, வா. தண்ணி என்ன சொல்லுது?"

"ஒரு நாள் ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"உன் பெட்டிக்கு அடை கோழி தேவலாம். அதுவாவது நடுவுல கத்தி ஏதாவது சொல்லும்."

"கோழி மூணு வாரம் எடுத்துக்கும் சித்தப்பா."

அவர் சிரித்துக்கொண்டே குனிந்தபோது பார்த்தாள். அவருடைய கருநீலக் கால்சட்டையில், முழங்காலுக்கு மேலே, வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"பேன்ட்ல என்னது?"

அவர் குனிந்து பார்த்தார். உற்று உற்றுப் பார்த்தார். "பெயிண்ட்டு."

"எதுக்குப் பெயிண்ட் அடிச்சீங்க?"

"கதவுக்கு."

கூடத்தின் கதவு பச்சை. இரண்டு பேரும் திரும்பி அதைப் பார்த்தார்கள். 

[கால்சட்டைத் திட்டு நான் சேர்த்தது. வெளி ஒடீல் அது வேண்டாம் என்றாள். "எனக்கு நீலம் போதும். உங்களுக்குத்தான் பேன்ட் வேணும்," என்றாள். எடுக்க மனம் வரவில்லை. அந்த மனிதர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் பிடித்துவிட்டது.]

"அந்தத் தண்ணி ராப்பூர ஒண்ணும் செய்யாதுடி," என்றார் அல்சீட், கேட்காத கேள்விக்குப் பதிலாக. "கொதிக்கிற சாறு. அப்புறம் அடுப்புல மூணு மணி நேரம். எவன் பொழைப்பான் அதுல?"

"ராப்பூர யாரும் குடிக்கறதில்ல சித்தப்பா. ஜக்குல ஊத்தி வைக்கிறதத்தான் குடிப்பாங்க. கீரை கழுவணும். ஐஸ் போடணும்."

"உங்க சித்தி இருந்திருந்தா இந்நேரம் கெணத்தையே துணியில கட்டிப் பிழிஞ்சு காயப் போட்டிருப்பா."

ஒடீல் சிரித்துவிட்டாள். சிரித்ததில் கண் கலங்கியது. டெலீமா அப்படித்தான், எதையும் பிழியாமல் விடமாட்டாள், ஆட்கள் உட்பட.

"கொலெத் எப்ப வரா?"

"நாளைக்கு மத்தியானம். நேரா இங்கதான். எல்லாரும் இங்கதான் உக்காந்து கிழங்கு சீவப் போறோம்." துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "பாப்பாவுக்கு என்ன பேரு தெரியும்ல?"

"தெரியும்."

"டெலீமா." கையிலிருந்த துணியை மடித்தார். "இந்தக் காலத்துல யாருடி அந்தப் பேர வைக்கிறாங்க!"

"தாய்ப்பாலா?"

"இல்ல, பவுடர்தானாம். ஏன் கேக்குற?"

"சும்மாதான் கேட்டேன்."

அவர் துணியை வாளியில் முக்கினார். கை வாளிக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறகு அதை எடுத்துப் பிழிந்தார், தேவைக்கு மேல் இறுக்கிப் பிழிந்தார். ஒடீல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவளை அங்கேயே பேச வைத்திருக்கலாம். ஒரு வரைவில் பேச வைத்தேன்: "சித்தப்பா, நான் நீலத்தைப் பார்த்துவிட்—" அந்த வாக்கியத்தை முடிக்க அவளால் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. பாதியிலேயே விட்டிருக்கிறேன்.

7

மறுநாள் காலை, வெள்ளிக்கிழமை. ஒடீல் அடைகாப்புப் பெட்டியைத் திறந்தாள். குப்பி தெளிவாக இருந்தது. மஞ்சளின் சாயல்கூட இல்லை. ஊதா விளக்கில் இருட்டாக இருந்தது. உலகத்தில் யார் வந்து பார்த்தாலும் நல்ல தண்ணீர் என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஒரு கணத்தைப் பார்த்த கண்கள் மட்டும் அப்படிச் சொல்லாது.

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். மறைக்காமல் தருகிறேன்.

முதல் முடிவில் அவள் சுத்தம் என்று சொல்லிவிடுகிறாள். விருந்து நடக்கிறது. பாட்டு, கூச்சல், வெல்லப்பாகு ஊற்றிய ராப்பூர், மேசைமேல் டெலீமாவின் சமையல் மேலங்கி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் ஒடீலை எந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் அவள் கொலெத்தின் கையில் இருந்த பால்புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்து முழுக்க அவளைத் திருப்ப முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில் அவள் உண்மையைச் சொல்கிறாள், ஊரே திரண்டு பால் கேன்களில் தத்தம் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்குகிறது. எல்லோரும் அழுகிறார்கள். நானும் அழுதேன். வெளி ஒடீலுக்கு உணர்ச்சியோடு படித்துக்காட்டினேன். முழுதும் கேட்டாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "அந்தத் தண்ணியெல்லாம் யாரு டெஸ்ட் பண்ணது?"

நான் தாளைப் புரட்டினேன்.

"உங்க கேன்ல என்ன, அலசிட்டு ஊத்தினீங்களா?"

அதுவும் போயிற்று.

மூன்றாவது முடிவில் அல்சீட்டை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒரு பத்திகூடத் தாங்கவில்லை. கிணற்றின் மேல் குனிந்து, பிளீச் கேனைக் கவிழ்த்து, காலில் சிதறுவதைக்கூடக் கவனிக்காமல், இது பத்துமோ பத்தாதோ என்று இன்னொரு கேனைத் திறக்கிற மனிதரை நான் எப்படி வெறுப்பது? அவர் மறைக்க ஊற்றினாரா, குணமாக்க ஊற்றினாரா? அவரிடம் கேட்டால் அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் வெளி ஒடீலிடமே கேட்டேன். "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"இதுல பண்ண என்ன இருக்கு? நீலம் பாத்தா சாம்பிள் செல்லாது. மறுபடி எடுக்கணும். கதையே கிடையாது."

"அவ்ளோதானா?"

அவள் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள். "முடிவு பண்றது கஷ்டமில்லங்க. அது அந்தக் கணத்துலயே ஆயிடும். ஃபோன எடுத்து நம்ம ஆளுங்ககிட்ட சொல்றது இருக்கு பாருங்க, அந்த மொத வார்த்தை. அதுக்குத்தான் இன்னும் யாரும் ஒரு முறை கண்டுபிடிக்கல."

இத்தனை அதிசயமான முறைகளைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசினேன். தண்ணீரைப் பேச வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பேச வேண்டியது எப்போதும் ஒரு மனுஷிதான். அவளுக்குக் கொடுக்க என்னிடமும் ஒரு வாக்கியம் இல்லை. நாள்கணக்கில் உட்கார்ந்து தேடினேன்.

8

ஆகவே இதை உங்களிடம் தருகிறேன்.

நீலத்தைப் பார்த்தது கதைக்குள் ஒடீல் மட்டும்தான் என்று சொன்னேன். அது பொய். நான்காம் பகுதியில் நீங்களும் அங்கே நின்றீர்கள், நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்டுக்கொண்டேன். பார்க்கவில்லை என்று இனிமேல் உங்களால் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். பரிசோதனைக்கூடத்தின் தொலைபேசி அடிக்கிறது. ஒடீல் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், எடுக்கவில்லை. நீங்கள் எடுக்கிறீர்கள்.

கூடத்துச் சத்தம் முழுதும் காதுக்குள் வருகிறது. கத்திகள் கிழங்கு சீவுகின்றன. யாரோ யாரையோ கிண்டல் செய்து சிரிக்கிறார்கள், இத்தனை வருஷம் கழித்து எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் சிரிக்கும் சிரிப்பு. கோழி வெந்துகொண்டிருக்கும் பெரிய பானையின் மூடி தடதடக்கிறது. ஒரு குழந்தை பசியில் சிணுங்குகிறது. தூரத்தில் ஓர் இளம்பெண்ணின் குரல்: "அப்பா, அந்த அட்டைய எடுத்துரலாமா? பாப்பாவுக்குப் பால் கலக்கணும்."

"இரு, இரு, கேக்குறேன்." அல்சீட் வாயைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார். மூச்சு கேட்கிறது. அவர் குரலில் சிரிப்பு இருக்கிறது, சிரிப்புக்கு அடியில் வேறொன்றும் இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டீர்களா என்று அவரே எதிர்பார்ப்பது போலவும் கேட்கிறது, அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

"சொல்லு பொண்ணே," என்கிறார். "என்ன கலரு?"